சூரியன் விழுந்த கண்

மார்ச் 2

இன்ஜின்காரிக்கு,

பத்திரமாக ஜங்ஷன் போய்ச் சேர்ந்திருப்பாய். இந்தக் கடிதத்தை வழக்கம்போல மீசைக்கார ரயில் கார்டிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் அது ஒரு வாரம் ஊரைச் சுற்றும். அவர் வண்டியில் வந்தால் மறுநாளே உங்கள் டிரைவர்கள் ஓய்வறையில் உன் கைக்கு வந்துவிடும். "போன்ல பேசினா ஆகாதா?" என்று அடுத்த வீட்டு டீச்சர் கேட்கிறார். ஃபோர்மேன் அறையில் இருக்கும் ஒரே போனில், பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, நீ "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று பேசுவதற்கு இது மேல்.

தொலைநோக்கிக் கொட்டகையின் தள்ளுக் கூரை இப்போது ஒரு கையால் தள்ளினாலே ஓடுகிறது. அதன் அடியில் மாட்டிய கேட் சக்கரங்களுக்குக் கிரீஸ் போட்டேன், இரும்புத் தண்டவாளத்தில் ஒரு மேட்டைத் தேய்த்துவிட்டேன். நீ இருந்தபோது கழுதை மாதிரி முரண்டு பிடித்த கூரை, நீ போனதும் பசு மாதிரி நகர்கிறது. இதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. தொலைநோக்கியின் பெரிய குழாய் முதுகில் ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தேனே, சூரியனைத் தேடிப் பிடிப்பதற்கு. அதற்கு மூடி போட மறந்துவிட்டேன். கீழே குனிந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன், கருகல் வாசனை வந்தது. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்தோமா என்று யோசிக்கிறேன், தோளில் சுரீர் என்றது. சட்டையில் பட்டாணி அளவு ஓட்டை. அந்தச் சின்னக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டேன். இனி நிழலைப் பார்த்தே சூரியனைப் பிடிப்பேன். குழாயின் நிழல் எப்போது மிகச் சின்னதாக விழுகிறதோ அப்போது அது சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம்.

நீ பார்த்த கரும்புள்ளிக் கூட்டம் இந்நேரம் சூரியனின் ஓரத்துக்குப் போயிருக்கும். நான்கு வருஷமாக அந்தத் தொலைநோக்கியை "உங்க சக்களத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கடைசி நாள் அதை விட்டு நகரவே இல்லையே! எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் குழாயின் வாய்க்குப் போடும் மூடி காற்றில் பிய்த்துக்கொண்டு போய் வேலியில் மாட்டி, வெயிலை வடிகட்ட அதில் வரவழைத்து ஒட்டியிருந்த வெள்ளிப் படலம் நார் நாராகக் கிழிந்திருந்தது. மறுநாள் நீ கிளம்ப வேண்டும். உனக்குக் காட்டாமல் அனுப்ப மனம் வரவில்லை. காருக்கு ஒட்டும் கறுப்புத் தாள் நான்கு அடுக்கு வைத்து அவசரத்துக்கு ஒரு மூடி செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் "ஒட்டுப்போட்ட சக்களத்தி" என்பாய். ஆனால் நன்றாகவே வேலை செய்தது இல்லையா? பழையதைவிட மங்கலாக, கண்ணுக்கு இதமாக.

புதுப் படலத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். முன்னறையில் கல்லூரி மைக்ராஸ்கோப்புகள் ரிப்பேருக்காக வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கின்றன. போய் அவற்றைக் கவனிக்கிறேன்.

கண்ணாடிக்காரன்


மார்ச் 6

கண்ணாடிக்காரருக்கு,

லீவில் வந்த பெண்டாட்டியை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கொட்டகையில் கிடந்தவர், அவள் போனபின் கிரீஸ் போட்ட கதையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பசுவைக் கூரையிலேயே கட்டி வையுங்கள்.

இங்கே எல்லாம் பழையபடி. ஓய்வறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் வருவதில்லை. எனக்கு உதவி டிரைவராகக் கொக்குதான் வருகிறான். உயரமோ உயரம், இன்ஜினுக்குள் தலையைக் குனிந்து குனிந்து கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டான். சிக்னலைப் பார்த்து "பச்சை" என்று அவன் சொல்லும் சத்தத்தில் வயலில் மேயும் மாடு மிரள்கிறது. நான் திருப்பி "பச்சை" என்று சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி.

சின்ன விஷயம் ஒன்று. செய்தித்தாள் படித்தால், படிக்கிற எழுத்து மட்டும் மசமசவென்று இருக்கிறது. அதற்கு முன்னாலிருக்கும் எழுத்தும் பின்னாலிருக்கும் எழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன. அங்கே பார்த்தால் அது மங்கிவிடுகிறது, இது தெளிந்துவிடுகிறது. கண்ணாமூச்சி விளையாடுகிற மாதிரி. கண்ணைக் கசக்கினேன், கழுவினேன், போகவில்லை. வலி இல்லை, நீர் வடியவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைக்கிறேன். "நாற்பதைத் தாண்டியாச்சு இல்லக்கா, வெள்ளெழுத்தா இருக்கும்" என்கிறான் கொக்கு. அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஊருக்கு வரும்போது நீங்களே ஒரு கண்ணாடி செய்து கொடுத்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் லென்ஸ் துடைக்கிறீர்கள், வீட்டுக்கு ஒன்று செய்ய மாட்டீர்களா?

சொன்னால் சொன்னேன் என்பீர்கள், அந்தச் சூரியன் நன்றாகத்தான் இருந்தது. சுட்ட செங்கல் மாதிரி, அதில் எறும்பு ஊர்கிற மாதிரி அந்தப் புள்ளிகள். வலது கண் அசந்ததும் இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

உங்கள் இன்ஜின்காரி


மார்ச் 8

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். கண்ணைப் பற்றிய பத்தியை மூன்று தடவை படித்தேன்.

நான் கேட்பதற்கெல்லாம் கேலி செய்யாமல் பதில் சொல். இரண்டு கண்ணிலும் இருக்கிறதா? நீ என்றைக்கு முதலில் கவனித்தாய்? இங்கிருந்து போன வண்டியிலேயேவா?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கொட்டகைக்கு ஓடினேன். அந்தக் கறுப்புத்தாள் மூடியைக் குழாயில் மாட்டிச் சூரியனுக்கு நேராகத் திருப்பினேன். கண் வைக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். கையில் வெளிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஒரு மங்கல் சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கை சுட்டது. கறுப்புக் காகிதம் வைத்தேன். புகைந்தது.

இருட்டாகத்தான் இருந்தது. இருந்தும் புகைந்தது. புரிகிறதா உனக்கு? அந்தத் தாள் வெளிச்சத்தை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் அப்படியே உள்ளே போயிருக்கிறது. வெளிச்சம் கூசியிருந்தால் நீ கண்ணை எடுத்திருப்பாய். கூசாததால்தான் எடுக்கவில்லை. "இதமாக" என்று நான்தான் எழுதினேன். இருபது வருஷமாக லென்ஸோடு மாரடிக்கிறவன் நான். கறுப்பாகத் தெரிவதெல்லாம் காப்பாற்றும் என்று எப்படி நினைத்தேன்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கல்லூரியிலிருந்து ஆள் வந்திருந்ததால் நான் முன்னறைக்குப் போயிருந்தேன். நீ கொட்டகையிலிருந்து சத்தம் போட்டாய்: "என்னங்க, கண்ணு கதகதன்னு இருக்கே!" நான் அங்கிருந்தே சொன்னேன்: "வெயில்ல நின்னா கதகதன்னுதான் இருக்கும்!" அந்த ஆள்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரி பகல் அதுவே காதில் கேட்கிறது.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கறுப்புத் தாள் போட்டபின் நான் ஒரு நொடி மட்டும் பார்த்துவிட்டு உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியையே பார். கோடு ஏதாவது வளைகிறதா, கட்டம் ஏதாவது காணாமல் போகிறதா என்று அதன் மேலேயே பென்சிலால் வரைந்து அனுப்பு. பிறகு மற்ற கண். அதுவரைக்கும் வண்டியில் ஏறாதே. காய்ச்சல் என்று சொல், வயிற்றுப்போக்கு என்று சொல், என்னவாவது சொல்.


மார்ச் 11

உங்கள் கட்டத்தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

வலது கண்ணில், நடுப்புள்ளியையே காணோம். அதைச் சுற்றிய கட்டங்களும் இல்லை. கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன், கறுப்பாகவும் இல்லை. ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இடது கண்ணில் புள்ளி இருக்கிறது, ஆனால் கோடுகள் தண்ணீரில் விழுந்த மாதிரி நெளிகின்றன. அங்கிருந்து வந்த வண்டியில் ஏறியதிலிருந்தே இருந்தது. தூசி என்று நினைத்தேன்.

காய்ச்சல் என்று சொல்லச் சொல்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு அப்படியே கண்ணையும் பார்ப்பார். அதனால் வண்டி எடுத்தேன். நேற்றும் எடுத்தேன்.

கத்தாதீர்கள், கேளுங்கள். சிக்னலை நேராகப் பார்த்தால் விளக்கு மறைகிறது. கொஞ்சம் பக்கவாட்டில், கம்பத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தால் விளக்கு வந்துவிடுகிறது. கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். பழகிவிட்டது. தவிர, கொக்கு இருக்கிறான். அவன் "பச்சை" என்றதும் நான் "பச்சை" என்கிறேன்.

முன்பெல்லாம் நான் பார்த்துவிட்டுச் சொல்வேன். இப்போது அவன் சொன்னதைச் சொல்கிறேன். இந்த ஒரு விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

யாரிடமும் மூச்சு விடாதீர்கள். டீச்சரிடமும் வேண்டாம்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதால் சொல்லவில்லை.


மார்ச் 15

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் கட்டத்தாளைக் காட்டினேன். எனக்குத் தெரிந்தவர் ஒருவருடையது என்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"வலி இருக்காமா?"

"இல்லீங்க."

"இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்தாலும் சத்தம் போடாது. அதான் கொடுமை." பிறகு கேட்டார், "மருந்து கொடுங்கன்னு வந்திருக்கீங்க, இல்ல? இதுக்கு மருந்து கிடையாது. சில பேருக்கு நாலஞ்சு மாசத்துல தானா தெளியும். சில பேருக்குத் தெளியாது. இடது கண்ணுக்கு நம்பிக்கை இருக்கு. வலது கண்ணைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆளை நேர்ல பார்க்கணும். என்ன வேலை பார்க்கிறாங்க?"

"வண்டி ஓட்டுறாங்க."

"என்ன வண்டி? ஆட்டோவா, பஸ்ஸா?"

அவரிடமிருந்து கட்டத்தாளை வாங்கி மடித்தேன்.

"ரயில்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இன்னும் ஓட்டுறாங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். "எழுந்திருங்க சார்," என்றார். "இங்க உட்கார்ந்து என்கிட்டப் பேசிட்டு இருக்காதீங்க. முதல்ல போய் அவங்களை இறக்குங்க." ஃபீஸ்கூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒருவர், தோளில் தூங்கும் குழந்தை. சரக்கு வண்டி போனது. உன் வண்டி இல்லை, இந்தத் தடத்தில் நீ வருவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு பெட்டியாக அது தடதடவென்று போகிற வரைக்கும் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி ஒரு ரயில் சத்தத்தையும் என்னால் சும்மா கேட்க முடியாது.

உன் வேலை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன். போய் ஃபோர்மேனிடம் சொல்லிவிடு. நான்தான் கெடுத்தேன் என்று சொல். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். கொக்கு சொல்வதை நம்பி ஓட்டுகிறாய். அவன் ஒரு தடவை தும்மினால்? அவன் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் ஒன்று வந்தால்?

நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்ல வேண்டிவரும். அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளாதே. உன் காலில் விழுகிறேன்.

கொட்டகையைப் பூட்டிவிட்டேன். உள்ளே போக முடியவில்லை.


மார்ச் 19

மிரட்டுகிறீர்களா? தலையைச் சாய்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் படித்தது இதற்குத்தானா?

நான் முதன்முதலில் இன்ஜினில் ஏறிய நாள் நினைவிருக்கிறதா? உங்களுக்கு எங்கே இருக்கும், நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. பிளாட்பாரத்தில் ஒருத்தர் தன் மனைவியைக் கையைப் பிடித்துப் பெட்டியிலிருந்து இறக்கினார். "பொம்பளை ஓட்டுறாளாம்டி. வா, அடுத்த வண்டில போவோம்." என் காதில் விழட்டும் என்றே சொன்னார். அந்த வண்டியை நான் குறித்த நேரத்துக்குக் கொண்டு போய் நிறுத்தினேன். அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஒரு சிவப்பைத் தாண்டியதில்லை. இந்த டிப்போவில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆண்களை விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது போய், "சார், எனக்குக் கண் தெரியவில்லை, வீட்டுக்காரர் விளையாட்டு காட்டினார்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் முகம் எப்படிப் போகும் தெரியுமா? சிரிக்க மாட்டார்கள். பாவப்படுவார்கள். பிறகு ஒரு மூலையில் நாற்காலி போட்டு, யாருக்கு எந்த வண்டி என்று எழுதச் சொல்வார்கள். அந்த எழுத்தும் எனக்குத் தெரியாது.

பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் படியில் கால் வைக்கும்போது கைப்பிடியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று கொக்கு திடீரென்று கேட்டான், "அக்கா, ஏன் இப்பல்லாம் நான் சொன்னப்புறம்தான் சொல்றீங்க?" நான் எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் தடம் முழுக்க அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான், சிக்னலை அல்ல என்று தோன்றியது. அது இன்னும் பயமாக இருந்தது.

இந்த மாதம் போகட்டும். தெளிகிறதா பார்க்கலாம். இடது கண்ணில் நெளிவு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் ஃபோர்மேனுக்கு ஒரு வரி எழுதினாலும், இந்த ஜென்மத்தில் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். என் கண்ணைக் கெடுத்தீர்கள், பொறுத்துக்கொண்டேன். என் பேரையும் கெடுக்காதீர்கள்.


மார்ச் 21

எழுதிவிட்டேன்.

இரண்டு உறை. ஒன்று உனக்கு, ஒன்று ஃபோர்மேனுக்கு. இரண்டையும் மீசைக்காரரிடம் சேர்த்துக் கொடுக்கிறேன். அவருக்கு இன்றும் நாளையும் ஓய்வு. இருபத்துமூன்றாம் தேதிக் காலை வண்டியில்தான் வருகிறாராம். அதற்குள் நீயே சொல்லியிருப்பாய் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருந்தால் ஃபோர்மேனுக்கான உறையை வாங்கிக் கிழித்துப் போடு. போன் செய்யலாமா என்று இரண்டு தடவை எடுத்தேன். நம்பரைச் சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். கோழை என்று வைத்துக்கொள்.

நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. நீ எங்கேயாவது இருந்தால் போதும்.


மார்ச் 24

கண்ணாடிக்காரருக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். நான் சொல்லச் சொல்லக் கொக்கு எழுதுகிறான். ஆகவே கொஞ்சலோ திட்டோ அளவாகத்தான் இருக்கும்.

இருபத்திரண்டாம் தேதி சரக்கு வண்டி எடுத்தோம். நல்ல வெயில். மூடுபனி, மழை, இருட்டு என்று ஒரு சாக்கும் கிடையாது. ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் தடம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், உங்களுக்குத் தெரியும், ஒரு தடவை கூட்டிப்போயிருக்கிறேன். இன்ஜினின் பின்பக்க அறையில் ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று கொக்கு பார்க்கப் போனான். "பாத்துட்டு வந்துடறேங்க்கா" என்றான். நான் சரி என்றேன். (இதை எழுத அவனுக்கு இஷ்டமில்லை. எழுதுடா என்றேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் வேலையைத்தான் அவன் செய்தான்.)

நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் இருந்தது, இரண்டு பக்கமும் புதர் இருந்தது, தூரத்தில் பாலம் இருந்தது. தடத்தில் யாரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், காலியாகத்தான் இருந்தது.

அப்புறம் சக்கரத்துக்கு அடியில் வெடி வெடித்தது. தண்டவாளத்தில் கட்டி வைக்கிற எச்சரிக்கை வெடி. ஒன்று, உடனே இன்னொன்று. யோசிக்கவில்லை, கை தானாகப் பிரேக்கைப் பிடித்து இழுத்தது. அத்தனை பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்து முதுகில் இடித்தன. கொக்கு பின்னாலிருந்து உருண்டு வந்து விழுந்தான். எழுந்ததும் கண்ணாடி வழியே பார்த்து அலறினான்: "அக்கா, ஆளு! ஆளு!"

அப்போதுதான் தலையைச் சாய்த்தேன். அந்தக் காலி இடத்திலிருந்து ஒரு ஆள் முளைத்தார். தண்டவாளம் பார்த்துக்கொண்டு நடக்கிற ரோந்துக்காரர். கையில் சிவப்புக் கொடி. தடத்தின் நடுவிலேயே நின்று இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்துச் சரிவில் குதித்துவிட்டார். வண்டி அவர் நின்ற இடத்தைத் தாண்டித்தான், பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றது.

பாலத்தை ஒட்டித் தண்டவாளம் பிளந்திருந்ததாம். அதைக் கண்டுபிடித்து, கொடியோடு எங்களுக்கு எதிரே ஓடி வந்து வெடியைக் கட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்று ஆட்டியிருக்கிறார். படியேறி வந்தார். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏம்மா, அவ்வளவு தூரத்துலேர்ந்தே ஆட்டிக்கிட்டே இருந்தேனே. என்னைப் பார்க்கலையா?"

"பார்த்தேங்க," என்றேன். "உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க தெரியலை."

அவருக்குப் புரியவில்லை. கொக்குவுக்குப் புரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்து இருக்கையிலிருந்து எழுப்பினான். வேறு டிரைவர் வரும் வரைக்கும் நான் கீழே கல்லில் உட்கார்ந்திருந்தேன், அந்த ரோந்துக்காரர் பக்கத்தில். அவர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை நீட்டினார். முதல் தடவை எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். எத்தனை நாள் தெரிந்தே ஓட்டினேன் என்பதையும். அவர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா முதல் நாளே வரலை?"

மறுநாள் மீசைக்காரர் உங்கள் இரண்டு உறையையும் கொண்டுவந்தார். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் எனக்கு எழுதியிருக்கார். நான் பிரிக்கலை. நீங்களே சொல்லியாச்சு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க." நான் வேண்டாம், பிரித்துப் படியுங்கள் என்றேன். என்னால் சட்டென்று படிக்க முடியாது, சத்தமாகப் படியுங்கள் என்றேன். அவர் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி அதே வரியை மறுபடி படித்தார். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். "அவள் என்னை மன்னிக்க வேண்டாம், உயிரோடு இறக்கிக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம்.

விசாரணை உண்டு. ரயில்வே ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்தார்கள். இடது கண்ணில் பார்வை நிச்சயம் திரும்பும் என்கிறார்கள். வலது கண் இப்படியே இருந்துவிடலாம் என்கிறார்கள். மெயின் லைன் வண்டி இனி எனக்கு இல்லை. இதைச் சொன்னபோது அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் காதுதான் தெரிந்திருக்கும்.

ராத்திரியில் அந்த ஆள் கனவில் வருகிறார். குதிக்காமலே நிற்கிறார்.

கொட்டகையை இடித்துவிடாதீர்கள். உங்களைத் தெரியும், இந்நேரம் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கறுப்புத் தாளை மட்டும் கொளுத்துங்கள். கண் வைக்காமல், வெள்ளைக் காகிதத்தில் சூரியனை விழ வைத்துப் பார்க்கிற வழி ஒன்று உண்டு என்று நீங்களே ஒரு தடவை சொன்னீர்கள். அப்படிச் செய்யுங்கள். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

இனி கொக்கு வேண்டாம். மீதியை நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்தது சரி. அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வயிற்றில்தான் கிடக்கின்றன. இன்னும் கொஞ்ச காலம் கிடக்கும். என்னிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதீர்கள், ஆனால் பக்கத்திலேயே இருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியப் பாசஞ்சரில் வருகிறேன். பயணியாக, டிக்கெட் எடுத்து. பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டாதீர்கள். நான் உங்களைத்தான் தேடுவேன், தேடுகிற இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

கூப்பிடுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகக் கூப்பிடுங்கள். நான் வந்து சேருகிற வரைக்கும் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.